பந்தயச் சாலையில் ஒரு பிழைப்பு

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், பொழுது புலரும் வேளையில் நெடுஞ்சாலை ஓரமாக நின்று பார்ப்போர்க்கு இருவகை மிதிவண்டிகள் கண்ணிற் படும். தூக்குச் சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தொழிற்சாலைக்கு விரைபவரின் வண்டி ஒன்று. முதுகை வில்லென வளைத்துக் கன்னட எல்லைக்கு அப்பாலிருந்து பறந்து வரும் இளைஞரின் மெல்லிய வண்டி மற்றொன்று. முன்னவர் வயிற்றுக்காக மிதிக்கிறார், பின்னவர் விருப்பத்துக்காக மிதிக்கிறார் என்று எண்ணிக்கொள்வோம். பந்தயத்தில் மிதிப்பதையே வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவர்களும் உலகில் உண்டு. அவர்தம் தொழிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இத்தொழிலுக்குப் பெரும் புகழ் தந்த பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயம், 1903-ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளத் தொடங்கியது. ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டர். வென்ற மோரிஸ் காரின், இளமையில் புகைபோக்கிகளைத் துடைத்துப் பிழைத்தவர். ஏழை வீட்டுப் பிள்ளைகளே அந்நாளில் இத்தொழிலுக்கு மிகுதியாக வந்தார்கள் என்பதில் வியப்பில்லை.

வெற்றி ஒருவருடையது, உழைப்போ பலருடையது. ஓட்டியின் முதற்பகை காற்று. ஒருவர் முன்னே சென்று காற்றைத் தாங்கினால், அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னே வருபவருக்கு உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகவே தலைவர் ஒருவருக்காக மற்றவர்கள் காற்றைத் தாங்குவர். தண்ணீர் சுமந்து வருவர். அவர் சக்கரம் பழுதுற்றால் தம் சக்கரத்தையே கழற்றித் தருவர். இதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

இத்தாலிய வீரர் பவுஸ்டோ கோப்பி, இறைச்சிக் கடையில் வேலை பார்த்து வீடுவீடாக மிதிவண்டியில் சரக்குக் கொண்டு சென்ற சிறுவர். 1940-இல் பார்தாலி என்னும் பெருவீரருக்குத் துணை ஓட்டியாகவே இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் இறங்கினார். நாய் ஒன்று குறுக்கே வர, பார்தாலி விழுந்து அடிபட்டார். இருபதே வயதான துணைவர் பந்தயத்தை வென்றார். பின்னர் போர் குறுக்கிட்டது, சிறைப்பட்டார், மீண்டு வந்து 1949-இலும் 1952-இலும் இத்தாலி, பிரான்சு இரு சுற்றுகளையும் ஒரே ஆண்டில் வென்று காட்டினார். மேல் வோல்ட்டா நாட்டுக்குச் சென்று திரும்பியவர், மலேரியாக் காய்ச்சலால் 1960 ஜனவரி 2-ஆம் நாள் மறைந்தார். வயது நாற்பதுதான்.

என் மனத்தை விட்டு அகலாதவர் கோப்பி அல்லர். அவருடைய துணை ஓட்டி ஆந்திரேயா காரியா. 1952-இல் ஒருநாள் முன்னேறிச் சென்ற சிறு கூட்டத்தோடு காரியாவும் சென்றார். கட்டம் முடிந்ததும், முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டை உமக்கே என்றனர். மகிழவேண்டிய மனிதர் கண்ணீர் விட்டார்! தலைவரிடம் போய் மன்னிப்பும் வேண்டினார். மறுநாளே சட்டை கோப்பியிடம் சேர்ந்தது. அடிமைப் புத்தி என்று சிலர் இதனை இகழக்கூடும். தாம் ஒப்புக்கொண்ட வேலைக்கு உண்மையாய் இருந்தவரின் கூச்சமென்றே நான் கொள்கிறேன்.

நம் நாட்டில் இத்தொழில் வேர் ஊன்றவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே நம்மவர் மிதித்தனர். ஆயினும் இன்றும் நம் வீரர் பலருக்குச் சோறு போடுவது ரயில்வே, இராணுவம் போன்றவற்றின் உத்தியோகமே. பெங்களூரைச் சார்ந்து பயின்ற நவீன் ஜான், பொறியியல் படித்தவர், வேறு வழி தேடினார். பெல்ஜியத்துக்குச் சென்று அந்நாட்டு ஊர்ப்பந்தயங்களில் ஓட்டினார். 2017-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்றில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு, தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் அவரும் அரவிந்த் பன்வாரும் இந்தியாவுக்காக ஓட்டினர். அங்கே ஆடவர் தனி ஓட்டத்தின் தொலைவு 40 கிலோமீட்டர்; ஏறக்குறைய ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் தூரம். முதல்வரான ஜெர்மானியர் டோனி மார்ட்டின் 44 நிமிடம் 42 விநாடியில் அதைக் கடந்தார். நம் பேருந்துகள் பொறுத்தருள்க!

ஜூஜுவாடியில் ஒரு பையன் வேகமாக மிதிக்கிறான் என்றால், "இதில் என்ன வருமானம்?" என்று தந்தை கேட்பது நியாயமே. வெளிநாட்டுக் குழுவின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுக்குத்தான். எலும்பு முறிந்தால் அதுவும் ஐயம். இவற்றை மறைக்காமல் அவனிடம் சொல்லவேண்டும். சொன்ன பிறகும் அவன் விடியற்காலையில் வண்டியை எடுத்தால், லாரிகள் நெருக்கும் அந்நெடுஞ்சாலையை விட்டு, உள்ளே பிரியும் ஊர்ச்சாலையில் பழகச் சொல்லுங்கள்.