இருந்ததைக் கொண்டு கற்றவர்கள்



அண்ணாமலையார் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இந்தப் பட்டமளிப்பு விழா மேடையில், விவிலியத்தைத் தாமாகக் கற்றுப் பிறருக்குக் கற்பித்தவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்த ஊருக்கு அது புதிதல்ல. 1896 செப்டம்பர் முதல் நாள் இங்கே வந்திறங்கிய பதினாறு வயது வேங்கடராமன், மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். ரமண மகரிஷியாக அறியப்பட்ட பிறகு, தம்மிடம் கேள்வியோடு வந்தவர்களுக்கு உபநிடதங்களைச் சொன்னது போலவே விவிலிய வசனங்களையும் எடுத்துச் சொல்லி விளக்கினார். அவருடைய நூற்படிப்பு தொடங்கிய விதமும் நினைத்துப் பார்க்கத் தக்கது. உடனிருந்து தொண்டு செய்த பழனிசாமி மலையாளத்துக்காரர். தமிழ் நூல்களை வாங்கி வந்து வைத்துக்கொண்டு படிக்க முடியாமல் திணறினார். அதைப் பார்த்து மகரிஷி தாமே வாங்கிப் படித்துப் பொருள் சொன்னார். அடுத்தவருடைய தேவைக்காகத் தொடங்கிய படிப்பு அது. சம்ஸ்கிருதமும் தெலுங்கும் மலையாளமும் அவருக்கு எந்த வகுப்பறையும் இல்லாமல் இந்த மலையில்தான் வந்தன. 1949இல் அவரைப் பார்க்க வந்த பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோ, பிறகு இதே மலையின் குகைகளில் தங்கித் தம் விவிலியத்தையும் நம் உபநிடதங்களையும் சேர்த்துப் படித்தார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரில் அவரை இன்று பலருக்கும் தெரியும்.

நான் பேச வந்தது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி. அவரை உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தில் இரட்சணிய யாத்திரிகம் படித்திருப்பீர்கள். நூலாசிரியர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, கிறிஸ்தவக் கம்பர் என்று போற்றப்படுபவர், பாடல்கள் 3766. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பீர்கள். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது.

அதற்கு முன், அந்த நூலுக்கு மூலமான ஆங்கில நூலை எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜான் பனியன் 1628இல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழில். மகனுக்கும் அதே தொழில்தான். எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவே. கல்யாணமாகி வந்த மனைவியும் ஏழை. ஆனால் அந்தப் பெண் தன் தந்தையின் உடைமையாக இரண்டு பக்தி நூல்களைக் கொண்டு வந்தாள். கணவனும் மனைவியும் அவற்றைச் சேர்ந்து படித்தார்கள். அங்கிருந்து விவிலியத்துக்குப் போன பனியன், கொஞ்ச காலத்தில் ஊர் ஊராகச் சென்று அதை விளக்கத் தொடங்கினார். குருப்பட்டம் இல்லாதவன், பாத்திரம் அடைப்பவன், எந்த உரிமையில் போதிக்கிறான் என்று கேட்டார்கள். 1660இல் சிறையில் போட்டார்கள். போதிக்க மாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். அதைக் கொடுக்காமல் ஏறக்குறைய 12 ஆண்டு உள்ளே இருந்தார். குடும்பத்துக்காகச் சிறையில் காலணிக் கயிறு முடைந்தார். 1678இல் வெளிவந்த அவருடைய நூல் உலகமெங்கும் நூற்றுக்கணக்கான மொழிகளுக்குப் போனது. தமிழுக்கும் வந்தது.

அந்த நூலைத் தமிழில் காப்பியமாக்கிய கிருஷ்ண பிள்ளை, 1827 ஏப்ரல் 23 அன்று கரையிருப்பு என்ற ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் ஊறியவர். விருத்தத்தின் ஓசை அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. வீட்டுத் திண்ணையிலேயே வந்துவிட்டது. 1853இல் சாயர்புரம் மிஷன் கல்விச்சாலைக்கு ஒரு தமிழ்ப் பண்டிதர் தேவைப்பட்டபோது, கால்டுவெல் ஐயர் இந்த இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். பற்றுள்ள வைணவராகவே அவர் அந்தப் பள்ளிக்குள் போனார். தமிழ் கற்பிக்கப் போன இடத்தில்தான் விவிலியம் அவர் கைக்கு எட்டியது.

அடுத்த ஐந்தாண்டில் நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம்: 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார், ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் சேர்ந்தது என்று. நான் அந்த ஐந்தாண்டிலேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பகலில் இலக்கணம் நடத்திவிட்டு, தாம் பிறந்து வளர்ந்த நம்பிக்கைக்கு முற்றிலும் வெளியே உள்ள ஒரு நூலோடு தனியே மல்லுக்கட்டுவது எளிதான காரியமா? உறவினர் என்ன சொல்வார்கள், தாயின் மனம் என்ன பாடுபடும் என்ற கேள்விகள் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே வந்திருக்கும். அவர் மதம் மாறியது சரியா, இல்லையா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது அவருக்கும் அவர் தெய்வத்துக்கும் இடையிலானது. தம் வாழ்க்கையையே புரட்டிப் போடக்கூடிய ஒரு நூலை அவர் பாதியில் மூடி வைக்கவில்லை. அந்தத் துணிவைத்தான் நான் வணங்குகிறேன்.

அவர் இறையியல் கல்லூரிக்குப் போகவில்லை, குருப்பட்டமும் பெறவில்லை. தொழிலால் தமிழாசிரியர்தான். விவிலியத்தைக் கற்பிக்க அவர் கையில் இருந்தது தந்தை கொடுத்த கம்பன். அதைக் கொண்டே கற்பித்தார். நற்போதகம் என்ற மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் காப்பியம் தொடராக வந்தது, 1894இல் நூலானது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. வகுப்பெடுத்து, குடும்பத்தைப் பார்த்து, மிஞ்சிய நேரத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிய காப்பியம் அது. செய்யாறு சிப்காட்டிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் வேலைக்குப் போகவிருக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு ஓய்வு கிடைத்த பிறகு படிக்கலாம், எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

பனியனின் நூல் உரைநடை. ஒரு யாத்திரிகன் அழியப்போகும் ஊரைவிட்டுக் கிளம்பி உன்னத நகரத்தை அடையும் கதை. இயேசு பட்ட பாடுகளை அது கதையாகச் சொல்வதில்லை. கிருஷ்ண பிள்ளை அவற்றைச் சேர்த்தார். நீங்கள் பாடத்தில் படித்த பகுதி, இயேசு குற்றவாளியாக நின்று பழியையும் அடியையும் பொறுமையோடு ஏற்ற பகுதி, அப்படி வந்ததுதான். நாட்டைத் துறந்து நடக்கும் நாயகனின் துயரத்தைக் கம்பனில் கேட்டு வளர்ந்த காது, சிலுவையை நோக்கி நடப்பவரின் துயரத்தையும் அதே ஓசையில் கேட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். இன்னொன்றும் செய்தார். காப்பியத்துக்கு நடுவே தேவாரம் என்றே பெயரிட்டுப் பதிகங்களை வைத்தார். சம்பந்தரும் அப்பரும் நம் அண்ணாமலையைப் பாடிய அதே அமைப்பு. பிறப்பால் வைணவர், நம்பிக்கையால் கிறிஸ்தவர், பாட்டின் வடிவத்தால் சைவர். போற்றித் திருஅகவல் என்றும் ஒரு நூல் செய்தார். பெயரைக் கேட்டதுமே இங்கே திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகர் நினைவுக்கு வருவார். மதம் மாறியவர் தமிழை விட்டு மாறவில்லை. மொழியில் இருந்ததையெல்லாம் தம்முடையது என்று உரிமையோடு எடுத்துக்கொண்டார்.

குறையையும் சொல்ல வேண்டும். பனியன் கூலிக்காரனுக்கும் புரியும்படி எழுதினார். கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் புலவர்களுக்கு எழுதப்பட்டது. கிராமத்துக் கிறிஸ்தவர்கள் வாயில் நிலைத்தவை தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள்தான். கிருஷ்ண பிள்ளையும் பாமர மக்களிடம் போய்ச் சேர்ந்தது காப்பியத்தால் அல்ல, கீர்த்தனையால்தான். இன்னொரு குறை கனமானது. வீட்டிலிருந்து கம்பன் மட்டும் வருவதில்லை, சாதியும் வருகிறது. அவர் காலத்துத் திருநெல்வேலிச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் வேளாளர் தனி, நாடார் தனி என்ற பிரிவு ஒழியவில்லை. அவரும் தம் குல வழக்கங்களிலிருந்து முழுக்க விலகியவர் அல்லர். அவ்வளவு கூர்மையாகப் படித்தவரால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வீட்டிலிருந்து வருவதையெல்லாம் முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் புடைத்தவர் ஒருவர் இருந்தார். அவரும் ஏப்ரல் 23 அன்று பிறந்தவர், ஆண்டு 1858. பண்டித ரமாபாய். தந்தை அனந்த சாஸ்திரி, தம் மனைவிக்குச் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்ததற்காகச் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்டவர். ரமாபாய்க்குத் தாய்தான் ஆசிரியை. புராணம் சொல்லிப் பிழைத்த அந்தக் குடும்பம் இந்தியா முழுக்கக் கால்நடையாகத் திரிந்தது. 1870களின் பஞ்சத்தில் திருப்பதிப் பக்கத்துக் காட்டில் இலையையும் தண்ணீரையும் கொண்டு நாட்களைக் கழித்தார்கள். இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் பிற்பகலில் திருப்பதி போய்விடுகிறோம், அந்தப் பக்கம்தான். தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறந்தார்கள். மிஞ்சியது ஓர் அண்ணனும், நெஞ்சில் பாகவதமும். 1878இல் கல்கத்தா அறிஞர்கள் அந்த இருபது வயதுப் பெண்ணின் புலமையைக் கண்டு பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் தந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவருக்குக் கிடைத்த பட்டம்.

1883இல் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானார். ஆனால் அங்கிருந்த திருச்சபையினர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு புரோகிதக் கட்டிலிருந்து விடுபட்டு வந்தவள் இன்னொரு கட்டுக்குள் போக மாட்டேன், விவிலியத்தை நானே படித்து முடிவு செய்வேன் என்ற பொருளில், தம்மைத் தாங்கிய கன்னியர் மடத்துக்கே எழுதினார். சைவ உணவை விடவில்லை. சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, எங்கள் சம்ஸ்கிருதம் எதில் குறைந்தது என்று கேட்டார். அதே பெண்தான், பெண்ணுக்கு வேதம் கூடாது, விதவைக்கு வாழ்வு கூடாது என்ற பகுதியைத் தூக்கி எறிந்தார். 1896 பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான ஆதரவற்ற சிறுமிகளை அழைத்து வந்து பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவில் வாழ வைத்தார். பட்டினி எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடு வயதைத் தாண்டி எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். அந்தச் சிறுமிகளுக்குப் புரியும் எளிய மராத்தியில் விவிலியம் முழுவதையும் மொழிபெயர்க்கத்தான் அந்தப் படிப்பு. அப்போதிருந்த மொழிபெயர்ப்பு பண்டித நடையில் இருந்தது. அதைப் படித்துக் கிராமத்துப் பெண்ணால் பொருள் கொள்ள முடியவில்லை. பண்டிதர்களை வியக்க வைத்த புலமை கைவசம் இருந்தும், அவர் அதை ஒதுக்கி வைத்து எழுதினார். எழுதியதை அச்சுக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் அவர் வளர்த்த பெண்களே. 1921இல் ஒரே மகள் மனோரமா இறந்தார். அந்தத் துக்கத்தோடும் வேலை தொடர்ந்தது. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் இறந்தார். முழு நூல் 1924இல் வந்தது.

மாணவர்களே, உங்களில் பலர் உங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கும்: வீட்டில் புத்தகம் இல்லை, ஆங்கிலம் இல்லை, வழிகாட்ட ஆளில்லை, நான் வெறுங்கையோடு வந்தவன் என்று. அந்தக் கூச்சம் தேவையில்லை. வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. செங்கத்திலும் கலசப்பாக்கத்திலும் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாரதம் எழுத்தறியும் முன்பே தெரியும். போளூர்ப் பக்கத்து விவசாயி மகளுக்கு மண்ணையும் மழையையும் பற்றித் தெரிந்தது வேளாண்மைப் புத்தகத்தில் பாதியாவது இருக்கும். நீங்கள் எந்தப் பாடத்தைத் தொடர்ந்தாலும் அந்த அறிவிலிருந்து தொடங்குங்கள். தொடங்கிய பிறகு தயவுசெய்து மூலத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வேத விளக்கத்தையும் வரலாற்றையும் நம்பி அடுத்தவன் மதத்தின் மேல் வன்மம் கொள்ளாதீர்கள். ஒரு நூலைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்த நூலைப் படியுங்கள். அது கேட்கும் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ரமாபாய் எபிரேயம் கற்ற வயதில் பாதிகூட இன்னும் உங்களுக்கு ஆகவில்லை.

ஜவ்வாது மலையிலிருந்து வந்து படித்தவர்கள் கொஞ்சம் பேர் இங்கே இருப்பீர்கள். உங்கள் பாட்டிமார் சொல்லும் கதைகளும் பாட்டுகளும் மூலிகைப் பெயர்களும் பெரும்பாலும் எந்த நூலிலும் ஏறவில்லை. அவற்றை எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான். இந்தக் கோடை விடுமுறையிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தொடங்கிவிடுங்கள். எழுதியதை உங்கள் தமிழ்த் துறை ஆசிரியர்களிடம் கொண்டு வந்து காட்டுங்கள்.