எதிர்காற்றும் ஒரு கணித ஆய்வாளரும்



பாம்பன் பாலத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு எதிர்காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அங்குள்ள பழைய ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். பிளஸ் ஒன் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில் இந்தக் கடற்காற்றோடு மல்லுக்கட்டிப் பள்ளிக்குப் போனவர்கள் இந்தப் பட்டமளிப்பு அரங்கிலும் இருப்பீர்கள்.

சைக்கிள் சாலைப் பந்தயத்திலும் காற்றுதான் முதல் எதிரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. அதனால்தான் வீராங்கனைகள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒதுங்கிக் கூட்டமாகப் போகிறார்கள். தனியாகப் பிரிந்து போவது பெரும்பாலும் தோல்வியில்தான் முடியும்.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். பெண்களுக்கான 137 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தின் கொடி அசைந்ததுமே கூட்டத்தை விட்டுப் பாய்ந்தார் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். வயது 30. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஆய்வாளராக இருந்தவர். அப்போது அவருக்குத் தொழில்முறை அணி இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பயிற்சி, உணவு, வெயிலுக்கு உடலைப் பழக்குவது எல்லாமே அவர் போட்ட கணக்கு.

அவரோடு பிரிந்து வந்த நால்வரில் கடைசி இருவரையும் சுமார் 40 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது உதறிவிட்டுத் தனியே போனார். பின்னால் நெதர்லாந்தின் நட்சத்திர அணி. துரத்தும் பொறுப்பை வீராங்கனைகள் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் நிலவரம் சொல்ல ரேடியோ கிடையாது. உதறப்பட்ட அந்த இருவரையும் பிடித்ததும், நெதர்லாந்து அணியினர் முன்னால் இனி யாருமில்லை என்றே நினைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான அன்னெமீக் வான் ஃப்ளூட்டன் கோட்டைக் கடந்து, வென்றுவிட்டதாகக் கைகளை உயர்த்தினார். கீசன்ஹோஃபரோ ஒரு நிமிடம் 15 விநாடிகளுக்கு முன்பே வந்து, தரையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்!

இளவயதில், எல்லாம் தெரிந்ததாகச் சொன்னவர்களை அப்படியே நம்பியதாகவும், அவர்களுக்கும் தெரியாது என்பது பிறகே புரிந்ததாகவும் அன்று அவர் சொன்னார். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஆசிரியர்களை மதியுங்கள்; ஆனால், உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்களும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி நிற்கவில்லை. அவர்களுடைய பேத்திகளின் வயதுதான் உங்களுக்கு. இன்று பட்டம் பெறும் பெண்களில் எத்தனை பேர் நாளை பந்தயச் சாலைக்கு வருவீர்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.