திங்கட்கிழமை வயிற்று வலி

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் மனச் சிக்கலை எப்படிக் கண்டுகொள்வது? அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

இந்த வயதில் பெரும்பாலும் எந்தப் பிள்ளையும் "எனக்கு மனசு சரியில்லை" என்று வந்து நிற்காது. "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்லும். கச்சிராயபாளையம் பக்கத்துப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி அப்படித்தான் சொன்னாள். திங்கட்கிழமை விடிந்தால் வலி. பூச்சி மருந்து கொடுத்தார்கள், குடல் தட்டினார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும், "நடிக்கிறா" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாமார்களே, அது நடிப்பு இல்லை. மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. பயந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

அவளைக் கண்டுகொண்டவர் வகுப்பு டீச்சர். நொண்டி விளையாட்டில் முதல் ஆளாக நிற்கிறவள், சில வாரமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்ததைக் கவனித்திருக்கிறார். அவரும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தோம். அப்பாவும் அம்மாவும் அவளை ஆயாவிடம் (பாட்டியிடம்) விட்டுவிட்டுக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில் இது பல வீட்டுக் கதை. தான் பள்ளிக்கு வந்த நேரத்தில் ஆயாவும் போய்விடுமோ என்று அந்தப் பிள்ளைக்குப் பயம். தினமும் சாயங்காலம் அம்மா போனில் பேசுவது என்று ஏற்பாடானது. வலி குறையப் பல வாரம் பிடித்தது.

ஆசிரியர்களே, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அதே பிள்ளை முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். தூக்கம் கெடுவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, படிப்பு சட்டென்று சரிவது, தொட்டதற்கெல்லாம் சண்டை. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் விசாரியுங்கள். குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட 25 வாக்கியக் கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்பலாம். அது நோயைத் தீர்மானிக்காது, யாரை மருத்துவரிடம் அனுப்பலாம் என்று காட்டும்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதே, அப்படித் தகப்பனை இழந்த பிள்ளை ஓடியாடி விளையாடினால் மறந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். துக்கம் பல மாதம் கழித்துக் கோபமாக வரலாம். "செத்துப்போகலாம்னு இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள், உட்கார்த்திக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டையும் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதிவைப்பீர்கள் என்று நம்புகிறேன்.