பார்க்கிற துப்பாக்கி

1990களில் மும்பையில் வளர்ந்த பலருக்கு வீடியோ கேம் என்றால் லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று ஏதோ ஒரு பெயர் ஒட்டிய பெட்டி. ஜப்பானின் நிண்டெண்டோ 1983இல் கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியின் நகல் அது. மாஹிமோ தாராவியோ, எந்த வீட்டிலும் இதே கதைதான்: லட்சக்கணக்கான விளையாட்டு என்று அச்சடித்த மஞ்சள் கேசட், உள்ளே போட்டால் சொற்ப விளையாட்டுகள்தான் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஒரு ஊது. அந்தப் பெட்டியோடு ஒரு துப்பாக்கியும் வருமே, இன்று பேச்சு அதைப் பற்றி.

பறக்கிற வாத்தைக் குறிபார்த்து விசையை அழுத்தினால் வாத்து விழும். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் பாய்கிறது என்றுதான் பிள்ளைகள் நம்பினோம். அதிலிருந்து எதுவுமே வெளியே வராது! குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் சின்னப் பாகம், அவ்வளவுதான். விசை அழுந்தியதும் திரை முழுக்கக் கறுத்துவிடும். உடனே வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று துப்பாக்கிக்குத் தெரிந்தால் குறி சரி. வாத்து இரண்டு என்றால் கட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நொடிக்கு ஐம்பது முறை படம் மாறுகிற டிவியில் இதெல்லாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். டியூப்லைட்டைக் குறிவைத்து ஏமாற்றப் பார்க்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்காகவே அந்தக் கறுப்பை வைத்தார்களோ என்னவோ.

இந்த யோசனைக்கு வயது அதிகம். ஷார்ப் நிறுவனத்தின் மசாயுகி உவேமுரா, ஒளியுணரும் மின்கலங்களை விற்க நிண்டெண்டோவுக்கு வந்தார். அங்கே சீட்டுக்கட்டு இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, பொம்மை செய்பவராக மாறியிருந்த குன்பெய் யோகோய், அவற்றை வைத்து 1970இல் ஒளித்துப்பாக்கி பொம்மை செய்தார். 1973இல் ஆளில்லாமல் கிடந்த பவுலிங் கூடங்களில் பெரிய அளவில் சுடும் விளையாட்டை அமைத்தார்கள். அந்த வருடமே எண்ணெய் நெருக்கடி. வந்த ஆர்டர்கள் ரத்தாகி, கம்பெனி கடனில் விழுந்தது. பின்னால் ஃபேமிகாமை வடிவமைத்தவர் அதே உவேமுராதான். யோகோயின் இன்னொரு கைவண்ணம், கட்டைவிரலால் அழுத்துகிற சிலுவை வடிவப் பொத்தான். மடக்குகிற 'டாங்கி காங்' கருவியில் குச்சி வைத்தால் மூடாது என்பதால் 1982இல் பிறந்தது.

தட்டை டிவி வந்ததும் துப்பாக்கிக்குக் கண் போய்விட்டது. புது டிவி படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டும். துப்பாக்கி எதிர்பார்க்கிற கணத்தில் வெள்ளைக் கட்டம் வராது. பழைய டப்பா டிவிக்கென்றே செய்த பொருள், அதோடு சேர்ந்து காயலான் கடைக்குப் போனது.

ஆனால் நிண்டெண்டோ அந்த வித்தையை விடவில்லை. 2006இல் வந்த வீ கருவியில், டிவி மேல் 'சென்சார் பார்' என்று ஒரு பட்டை வைப்பார்கள். பெயர்தான் சென்சார், அது எதையும் உணராது. இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. பார்க்கிற வேலை முழுவதும் கையிலுள்ள ரிமோட்டின் கேமராவுக்கு. வெளிச்சத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டதால், டிவி எந்த வகையானாலும் கவலையில்லை. பட்டை பழுதானால், புதன்கிழமை மாஹிம் மாதா கோயில் வாசலில் விற்கிற மெழுகுவத்தி இரண்டை ஏற்றி, டிவி முன்னால் இடைவெளி விட்டு வைத்தாலும் ஆட்டம் நடக்கும்.