மழையை அளக்கப் பழகும் பிள்ளைகள்



ஊர்ப் பிரச்சினைகளுக்குப் புதிய வழி தேடும் பயிற்சியை முடித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் கூட்டம் இது. உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். பாராட்டிய கையோடு, நாளைக் காலையில் நீங்கள் எங்கே போய் நிற்கப் போகிறீர்கள் என்பதையும் பேசிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

நாம் கூடியிருக்கும் இந்த மாத்தளை சாதாரண ஊர் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கிய மலையகத் தமிழரான நம் முன்னோர் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி, மலையை முதன்முதலாகக் கண்ட இடம் இது. வழியில் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியானவர்கள் போக எஞ்சியவர்கள்தான் கோப்பித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி இதே மாத்தளையில் நிறைவுற்றது. அதில் கால் வெடிக்க நடந்து வந்த இளைஞர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம். இவ்வளவு தூரம் நடக்க மனம் உள்ள பிள்ளைகளுக்கு, பிரதேச சபையின் படியேறிப் பேசுவதற்கும் நாம் பழக்கிக் கொடுக்க வேண்டாமா?

இப்போது எங்கே பார்த்தாலும் செயலமர்வு. இரண்டு நாள் மண்டபம், வண்ண வண்ண ஒட்டுத்தாள்கள், குழுப் படம், மதியச் சாப்பாடு. கடைசியில், ‘ஒரு செயலி செய்வோம்’ என்று ஐந்து குழுவில் நான்கு குழு சொல்லும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஊரை விட்டு வெளியே கொண்டுவந்து உட்கார வைத்து ஊர்ப் பிரச்சினைக்கு விடை கேட்டால், கையில் இருக்கும் தொலைபேசிதான் கண்ணுக்குத் தெரியும். பயிற்சி அந்த இடத்திலேயே நடக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. யார் அவதிப்படுகிறாரோ அவர் வாசலில், அவர் சொல்வதைக் கேட்டு, கண்ணால் பார்த்து, அளந்து, எழுதி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. வில்கமுவப் பக்கம், வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்கள். அங்கே இருட்டினால் யானைப் பயம். வயலை மிதிப்பது ஒருபுறம். வீட்டுக்குள் மூட்டை கட்டி வைத்த நெல்லின் வாசனைக்கு யானை வந்து சுவரையே இடித்துவிடும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் மாண்டார்கள். வெடி போட்டார்கள், வேலி போட்டார்கள், விரட்டினார்கள். இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தார் அங்கேயே தங்கியிருந்து வேறொன்றைக் கவனித்தார்கள். தோடை, எலுமிச்சை வகை மரங்களின் வாசனையை யானை விரும்புவதில்லை. அதைச் சோதித்துப் பார்த்து, வீட்டைச் சுற்றித் தோடை மரங்களை வரிசையாக நடும்படி விவசாயிகளுக்குக் கன்று கொடுத்தார்கள். ‘பிபிலை ஸ்வீட்’ என்று நாம் சந்தையில் வாங்கும் அதே தோடைதான். மரம் காய்த்ததும் பழம் காசாகிறது. நெல்லை இழந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு இன்னொரு வருமானம் கிடைக்கிறது. யானையும் உயிரோடு இருக்கிறது.

இதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை, யானைகள் கடக்கும் பாதையும்தான். மாலையில் வீடு திரும்பும் பிள்ளை ஒரு வளைவில் யானைக்கு நேரே போய் நிற்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு பஸ். பிள்ளைகளையும் ஊராரையும் ஏற்றி இறக்க ஒரு பஸ் ஓடினால், பாதையில் மனிதன் நடப்பதும் குறையும், யானைமேல் கொண்ட பகையும் குறையும். தங்கையரே, இதில் எந்த இயந்திரத்தையும் யாரும் புதிதாகச் செய்யவில்லை. தோடங்கன்று நம் ஊரில் இருந்தது. பஸ் எல்லா ஊரிலும் இருக்கிறது. இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அங்கேயே வருடக்கணக்காக இருக்க வேண்டியிருந்தது. தோடை மட்டும் யானைப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவதிப்படுகிறவரையே கூட்டாளியாக்கிக்கொண்ட அந்த முறையை நீங்கள் படித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழி இந்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். ஊரார் தீண்டாமல் ஒதுக்கி வைத்திருந்த மக்களின் கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் அவர்களோடு சேர்ந்து தங்கி, உண்டு, மண் வெட்டினார்கள். சர்வோதய சிரமதானம் அங்கேதான் பிறந்தது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற மனக்குறை அப்போது பரவலாக எழுந்தது. தமிழில் எச்சரிக்கை பெறுவது நம் உரிமை, அதை விடாமல் கேட்டே ஆக வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே நம் கையால் ஆகக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் எல்லோருக்கும் முதல் வேலையாக அதைத்தான் நான் கொடுப்பேன்.

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுங்கள். கழுத்துக்குக் கீழே, உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வட்டமாக வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தை மூடியைக் கழற்றித் தலைகீழாக உள்ளே செருகுங்கள், அது புனலாகிவிடும். அடியில் சிறு கற்களைப் போட்டு, கற்களும் அடிப்பாகத்தின் மேடு பள்ளமும் மூடும்வரை தண்ணீர் விடுங்கள். அந்தத் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு. அதுதான் பூச்சியம். அங்கிருந்து மேலே ஓர் அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெட்டவெளியில் அதை வைத்துவிட்டு, தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். காலையில் பார்த்த பிறகு தண்ணீரைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. கனமழை நேரத்தில் மணிக்கொரு தடவையும் பார்த்துக் குறியுங்கள்.

எழுதி என்ன செய்வது என்று கேட்பீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு அளவு சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தொட்டால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்துவிட்டால், இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். கொழும்பில் இருக்கும் அதிகாரிக்கு உங்கள் லயத்து வீட்டு வரிசையின் பின்னால் பெய்யும் மழை தெரியாது. கம்மடுவையில் கொட்டும் மழைக்கும் மாத்தளை டவுனில் தூறும் மழைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பத்து லயத்துக்கு ஒரு பிள்ளை அளந்தாலும் போதும், நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவருக்குக் கையில் கணக்கு இருக்கும். கூடவே கண்ணும் வேலை செய்யட்டும்: தரையில் புது வெடிப்பு, சாயும் மின்கம்பம், திடீரெனக் கலங்கி வரும் பீலித் தண்ணீர், இறுகி மூட மறுக்கும் கதவு. இவற்றைப் பாட்டிமார் முதலில் பார்ப்பார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு, அதையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.

அளந்தாயிற்று. அளந்ததைக் கொண்டு யாரிடம் போவது? தோட்டத்துப் பாதையைப் பற்றிக் கேட்டால், ‘அது கம்பனி இடம், சபை செலவழிக்க முடியாது’ என்ற பதிலைக் கேட்டே நம் பெற்றோர் வயதானார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குக் காரணமாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபை பணி செய்ய வழி திறந்துவிட்டது. திறந்த கதவு நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது. இனி யாராவது பழைய பதிலைச் சொன்னால், திருத்தச் சட்டத்தின் பிரதியை மேசைமேல் வையுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், பிரதி பேசும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உங்கள் கையில் இருக்கிறது. வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். எழுதத் தெரியாத தாயார் ஒருவர் வாயால் கேட்டால், அதை அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அவரே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இன்னொன்று: சபையின் வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் நிறைவேறிவிடும். ஜனவரியில் போய்ப் பாலம் கேட்டால் அடுத்த வருடம்தான். உங்கள் கணக்கும் படமும் கையெழுத்துகளும் செப்டெம்பரிலேயே உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வேட்புமனுக்களில் நான்கில் ஒரு பங்கு இளைஞர்களுக்கு என்று சட்டமே இடம் ஒதுக்கியது. சபைகளில் உங்கள் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பிடியுங்கள், எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளையும், முஸ்லிம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியும் மண்ணுக்கு மொழி தெரியாது. ஒரே மலையின் மேலே லயமும் கீழே கிராமமும் இருக்கும்போது, மேலே அளக்கிற மழை கீழே இருப்பவர்களின் உயிர்.

இனிப் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை. கோயில் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத்தார், மரண உதவிச் சங்கத்தார் எல்லோரும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இந்தப் பிள்ளைகள் கதிரை அடுக்குவதற்கும் பந்தியில் பரிமாறுவதற்கும் மட்டும் ஆனவர்கள் அல்ல. உங்கள் கூட்டத்தில் இவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போய்வர பஸ் காசு கொடுங்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் இவர்கள் ஊருக்காக அலைய வேண்டியிருக்கிறது. வீட்டுக் கஷ்டம் தாங்காமல் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடும் பிள்ளையிடம் நாம் எந்தப் பயிற்சியையும் எதிர்பார்க்க முடியாது. பெண் பிள்ளைகள் மாலைக் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால், வீட்டில் போய்ப் பேசுவது உங்கள் பொறுப்பு.

இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. மண்சரிவு ஊர் உறங்கும் இரவிலும் வந்து உயிர் குடிக்கும். அந்த நேரத்தில் முழுத் தோட்டத்தையும் ஒரே சமயத்தில் எழுப்பக்கூடிய சாதனம் கோயில் ஒலிபெருக்கி ஒன்றுதான். அது இருக்கும் அறையின் சாவி ஐயரிடமோ கமிட்டிச் செயலாளரிடமோ இருக்கும். இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் ஒவ்வொரு தோட்டத்துக் கமிட்டியும், ஐப்பசி பிறப்பதற்குள் அந்தச் சாவிக்கு இன்னொரு பிரதி வெட்டி, மழை அளக்கும் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். மின்சாரம் நின்றாலும் ஓட ஒரு பற்றரியும் வாங்கி வையுங்கள்.