எழுதிக் கொடுத்த வீட்டில் உம்மாவுக்கு இடம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நோய் விசாரிக்க நாம் சென்றிருந்த ஒரு வீட்டில், முதிய தாயார் ஒருவரின் மணிக்கட்டு கன்றிப் போயிருந்தது. என்னவென்று கேட்டோம். அவர் முதலில் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்றார். அந்தப் பார்வையின் பொருள் நமக்குப் புரிந்தது. இருந்தும், "ஸபூர் செய்யுங்கள்" என்று கூறிவிட்டுத் திரும்பினோம். அது நமது தவறு. ஸபூர் என்பது துன்பப்படுபவருக்குரிய நற்குணம்; துன்புறுத்துபவருக்கு நாம் போட்டுத்தரும் திரையன்று.

முதுமை அடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்று சொல்வதைக்கூடத் திருமறை (17:23) தடுத்திருக்கிறது. அப்படியிருக்க, கை ஓங்குவதும், உணவையும் மருந்தையும் நிறுத்துவதும், முதியோர் உதவித்தொகையைப் பறிப்பதும், உறவினர் வரும்போது அறையில் வைத்துப் பூட்டுவதும் எவ்வளவு பெரிய குற்றங்கள்!

பெண் மக்களுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் நம்மூர் வழக்கம். மகள் உடனிருப்பதால் தாய்க்கு இது பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருந்து வந்துள்ளது. ஆனால், பத்திரம் கைமாறியபின் சில இல்லங்களில் வீட்டுக்காரியாக இருந்த தாய் விருந்தாளியாகிறார், பிறகு பாரமாகிறார். மகனுக்கு எழுதிக் கொடுத்தாலும் இந்நிலை நேரலாம்.

நமது நாகப்பட்டினத்திலேயே இது நடந்தது. மூதாட்டி ஒருவர், மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித் தமது சொத்தை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மகன் இறந்தபின் மருமகள் தம்மைக் கவனிக்கவில்லையென வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டார். விசாரணைக்குப் பின் பத்திரம் ரத்து செய்யப்பட்டது. மருமகளின் மேல்முறையீட்டை 2025 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், அன்பின் பேரில் கொடுத்த சொத்தில் பராமரிக்கும் கடமை அடங்கியே உள்ளது என்பது அத்தீர்ப்பின் கருத்து. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவே இதற்கு அடிப்படை.

மார்க்கமும் இவ்வாசலை அடைத்துவிடவில்லை. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்த ஹிபாவை, அது பிள்ளையின் உடைமையில் இருக்கும்வரை திரும்பப் பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமாகும்.

ஆயினும், வழக்கு வரை போகாமல் காப்பதே நம் பொறுப்பு. ஜமாஅத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: வீடு எழுதும்போது, "ஆயுள் வரை வசிக்கும் உரிமையும் பராமரிப்பும் தாய்க்கு உண்டு" என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். இதைக் கேட்பது மகளைச் சந்தேகிப்பது ஆகாது.

இரண்டாவது: முதியவர்களை நலம் விசாரிக்கப் பெண்கள் இருவர் இருவராகச் செல்லட்டும். தாயாரிடம் தனியாகப் பேசட்டும். வீட்டார் முன்னிலையில் கேட்டால் 'வழுக்கி விழுந்தேன்' என்ற பதிலே வரும்.

மூன்றாவது: சபரில் இருக்கும் ஆண் மக்களே! படுக்கையில் கிடக்கும் தாயை இரவு பகலாகத் தனியே பார்ப்பவள் உங்கள் சகோதரி. அவளது களைப்பே சில வேளைகளில் கோபமாக மாறுகிறது. அடிப்பதற்கு அது நியாயமாகாது. ஆனால் அக்களைப்பில் உங்களுக்கும் பங்குண்டு. பணம் அனுப்புங்கள், உதவிக்கு ஆள் வையுங்கள், விடுமுறையில் வந்தால் தாயின் பணிவிடையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான்காவது: அடி விழுந்தது என்று தெரிந்தால் 'குடும்ப மானம்' என்று மூடி மறைக்காதீர்கள். முதியோர் உதவி எண் 14567. பெண்கள் உதவி எண் 181. கோட்டாட்சியரிடம் வழக்கறிஞர் இன்றியே மனுக் கொடுக்கலாம். தாயாரால் இயலாவிட்டால், அவர் அனுமதிக்கும் வேறொருவர் கொடுக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமன்று, தாய்க்கும் உரியது. சமாதானம் பேசுவது நல்லதுதான். ஆனால், அடித்தவர் கையிலேயே தாயை மீண்டும் ஒப்படைத்துவிட்டு வருவது சமாதானம் ஆகாது.

அந்தத் தாயாரிடம் நாம் மறுபடியும் சென்றோம். இம்முறை நம் வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு. அவர்களிடம் தனியே அமர்ந்து அவர் நெடுநேரம் பேசினார். முதல்நாளே அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

நம் மஹல்லாவில் எந்தத் தாயும் பதில் சொல்லுமுன் பிறர் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை வராதிருக்க, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.