தண்ணீரும் ஒதுங்குமிடமும்
(ஊராட்சி அங்கத்தினர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். வழியில் ஒதுங்க இடம் அரிது. ஆகவே, அவர்களிற் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இதன் விளைவு யாது?

முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இவை நாள்தோறும் இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்து, கழிவை மட்டும் ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராக மூத்திரப்பைக்கு அனுப்புகின்றன.

வற்றிய குட்டையில் உப்புப் பூப்பதுபோல, குடிநீர் குறைந்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம். சிறுநீரை அடக்கினால் கிருமி பெருகி, எரிச்சலும் குளிர்காய்ச்சலும் தோன்றலாம். நீரிழிவும் இரத்தக் கொதிப்புமோ வலியின்றியே சிறுநீரகத்தைச் சிதைப்பவை. உடல்வலிக்காக வைத்தியரைக் கேளாமல் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளும் தீங்கு செய்யும். கால் வீங்கினாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வரும்போது, இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வோம்.

“தண்ணீர் குடியுங்கள்” என்று சொல்வது எளிது. ஒதுங்க இடமில்லையேல் அச்சொல் வீண். ஜீப்புகள் நிற்குமிடத்தில் தண்ணீர் வசதியுடன் பெண்களுக்குக் கழிப்பிடம் அமைத்து, அதைத் துப்புரவாக வைத்திருக்க இன்றே தீர்மானிப்போம். தோட்டமுடையோரும் தத்தம் தோட்டங்களில் இதனைச் செய்வாராக.